டி.என்.ஏ. பார்த்து வேர் தேடும்போது நம் பக்கத்தில் நடக்கும் தவறுகள்

பென்னாகரம் பக்கத்தில் எங்கள் பெரியம்மா வீட்டுத் திண்ணை. டர்பனிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா கைப்பேசியை நீட்டினார். அவருடைய டி.என்.ஏ., வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் பெரியம்மா மகனுடையதோடு 92 சென்டிமார்கன் ஒத்துப்போயிருந்தது. இரண்டாம் அல்லது மூன்றாம் நிலைச் சொந்தமாக இருக்கலாம் என்று திரையில் போட்டிருந்தது. அவ்வளவுதான். "அப்ப உங்க கொள்ளுத்தாத்தாவும் எங்க கொள்ளுத்தாத்தாவும் ஒரே ஆளுதாங்க" என்று பெரியப்பா முடிவே கட்டிவிட்டார். பொழுது சாய்வதற்குள் ஒரு நோட்டுத் தாளில் வம்ச மரமும் வரைந்தாயிற்று. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

அந்த மரம் தப்பு. அவருடைய முன்னோர், டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பல் ஏறியது 1882இல், 24 வயதில். எங்கள் கொள்ளுத்தாத்தா பிறந்ததே அதற்குப் பிறகுதான். இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான ஆள் கப்பல் ஏறியவரின் அப்பாவாகவோ அதற்கும் மேலே உள்ளவராகவோதான் இருக்க முடியும். இதை நான் போனில் சொன்னபோது அந்த அம்மாவிடமிருந்து கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அன்றைக்கு அவசரப்படாமல் இருந்திருந்தால் அவருக்கு அந்த வலி இருந்திருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, திரையில் வரும் உறவுப் பெயரை அப்படியே நம்புவது. இரண்டு பேருக்குப் பொதுவாக இருக்கும் டி.என்.ஏ. துண்டுகளின் நீளத்தைக் கூட்டிச் சொல்வதுதான் அந்த சென்டிமார்கன் கணக்கு. பெற்றவரோடு ஏறத்தாழ 3,400 இருக்கும். சித்தப்பா மகன், மாமன் மகள் போன்ற முதல் நிலைச் சொந்தத்தோடு சராசரியாக 870. கொள்ளுத்தாத்தா வழியில் சேரும் இரண்டாம் நிலையில் 230 பக்கம். எள்ளுத்தாத்தா வழியில் சேரும் மூன்றாம் நிலையில் 70 சொச்சம். ஆனால் இந்தச் சராசரிகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் எடுத்தவை. அங்கே சொந்தத்துக்குள் கல்யாணம் அபூர்வம்.

நம் கதை வேறு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று கட்டாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அத்தை மகளைக் கட்டினால் பிறக்கும் பிள்ளைக்கு எட்டுக் கொள்ளுத்தாத்தா பாட்டிகளுக்குப் பதிலாக ஆறு பேர்தான். அக்கா மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கோ, அப்பாவைப் பெற்ற தாத்தாவே அம்மா வழியில் கொள்ளுத்தாத்தாவாகவும் வந்து நிற்பார். இதே வழக்கம் நாலைந்து தலைமுறை தொடர்ந்தால், ஒரே முன்னோரின் டி.என்.ஏ. மூன்று நான்கு வழியாக நம்மிடம் வந்து சேர்கிறது. கூட்டிப் பார்க்கும் கணினிக்கு அது தெரியாது. ஐந்தாம் நிலைச் சொந்தம் மூன்றாம் நிலை மாதிரி தெரியும்.

அதனால் மொத்தத்தைப் பார்க்கும் முன் மிக நீளமான துண்டு எவ்வளவு என்று பாருங்கள். மொத்தம் 92 இருந்து, அதில் ஒரே துண்டு 50 என்றால் உறவு கிட்டத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். எட்டும் பத்துமாகப் பல துண்டுகள் சேர்ந்து 92 என்றால், அது பழைய சொந்தம் பல வழியில் சேர்ந்த கணக்கு. எங்கள் விஷயத்தில் பெரிய துண்டே 14தான். திண்ணையில் அன்றைக்கு யாராவது அந்த ஒரு எண்ணைப் பார்த்திருக்கலாம். டி.என்.ஏ. முடிவுகளை ஏற்றி ஒப்பிட்டுப் பார்க்கும் ஜெட்மேட்ச் இணையதளத்தில் உங்கள் பெற்றோர் இருவரும் ஒருவருக்கொருவர் சொந்தமா என்று பார்க்கும் கருவி இருக்கிறது. அதை முதலில் ஓட்டிவிட்டால் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது புரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பொருத்தமே காட்டவில்லை என்றால் சொந்தமே இல்லை என்று விட்டுவிடுவது. மூன்றாம் நிலைச் சொந்தங்களில் பத்தில் ஒருவருக்கு ஒத்துப்போகும் துண்டு எதுவும் வராமலே போகலாம்.

அப்புறம், டி.என்.ஏ. முடிவோடு வரும் அந்த சதவீதப் படம். தென்னிந்தியா இத்தனை, மற்றது இத்தனை என்று வண்ணம் தீட்டி வரும். கூடப் பிறந்தவர்களுக்கே அது வேறு வேறாக வரும், நிறுவனம் கணக்கைப் புதுப்பித்தால் அடுத்த வருஷம் மாறும். அதில் ஊரும் இல்லை, குலமும் இல்லை. அதை வைத்துச் சாதிப் பெருமை பேசுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தியாவின் பழைய மக்கள் கூட்டங்கள் சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை பரவலாகக் கலந்திருக்கின்றன என்று 2013இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. கலக்காத ரத்தம் என்று இங்கே எதுவும் இல்லை. ஒய் குரோமோசோம் பரிசோதனை அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா என்று ஒற்றைக் கோட்டைத்தான் காட்டும். மைட்டோகாண்ட்ரியா பரிசோதனை அம்மாவின் அம்மா வழியை மட்டும். எட்டுத் தலைமுறை மேலே போனால் அங்கே முன்னோருக்கு 256 இடங்கள் இருக்கின்றன. இந்த இரண்டும் சேர்ந்து அதில் இரண்டு இடத்தைத்தான் தொடுகின்றன.

பேரன் தன் எச்சிலைக் கொடுத்துவிட்டு, வீட்டில் இருக்கும் பெரியவரை விட்டுவிடுவது இன்னொரு பெரிய தவறு. அப்பாவைப் பெற்ற ஆயாவிடம் இருப்பதில் பாதி அப்பாவுக்கு வந்தது, அதில் ஏறக்குறைய பாதிதான் உங்களுக்கு வந்தது. வயதில் மூத்தவரிடமே முதலில் எடுங்கள். எச்சில் குப்பி கொடுக்கும் நிறுவனங்கள் அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது என்கின்றன. எங்கள் ஆயாவுக்கு வெற்றிலை இல்லாமல் அரை மணி இருப்பதே பெரிய பாடு. விடிந்ததும், வெற்றிலைப் பெட்டியைத் திறக்கும் முன்பே எடுத்துவிட்டோம்.

ஆனால் எடுப்பதற்கு முன் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிக் கேட்க வேண்டும். தத்து எடுத்தது, வெளியில் சொல்லாமல் வைத்தது என்று வீட்டுக்குள் புதைந்திருப்பது வெளியே வரலாம். அறுபது வயதில் தன் அப்பா வேறொருவர் என்று தெரிந்துகொள்வது எல்லோரும் தாங்கக்கூடியது அல்ல. தகவல் பாதுகாப்பும் சின்ன விஷயம் இல்லை. டி.என்.ஏ. பரிசோதனை செய்யும் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் வெளியே கசிந்தது, 2025இல் அது திவால் மனு போட்டது. நீங்கள் கொடுக்கும் எச்சிலில் உங்கள் தம்பி, அக்கா, அவர்கள் பிள்ளைகள் பற்றிய தகவலும் போகிறது.

சரி, ஆவணங்களுக்கு வருவோம். அரைகுறையாகப் பார்த்துவிட்டு "எங்க ஊர்ப் பேரே பதிவில் இல்லை" என்று சோர்ந்துபோகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் அவர்கள் தப்பான மாவட்டத்தில் தேடியிருப்பார்கள். தர்மபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2இல். கிருஷ்ணகிரி தர்மபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9இல். 1965க்கு முந்தைய பத்திரம், கப்பல் பதிவு எல்லாம் சேலம் ஜில்லாதான். ஃபிஜிக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பதிவில் பெயர், அப்பா பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. ஆனால் எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். கிருஷ்ணகிரியைப் பழைய வெள்ளைக்காரர்கள் கிஸ்ட்னகெரி என்றே எழுதினார்கள். எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டு வாசியுங்கள், ஊர் தானாகக் காதில் விழும்.

பெயரிலும் அப்படித்தான். மாதேஸ்வரனைக் கும்பிடும் பக்கம் என்பதால் மாதையன், மாதப்பன், மாது, மாதம்மாள் வீட்டுக்கு வீடு இருப்பார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் சேர்ந்துகொள்ளும். மாதையன் மகன் முனியப்பன், முனியப்பன் மகன் மாதையன். பத்திரத்தில் இருக்கும் மாதையன் தாத்தாவா, அவருடைய தாத்தாவா என்று அப்பா பெயரும் சர்வே எண்ணும் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

வருஷத்தைக் கணக்கிடுவதில் சறுக்குவதுதான் எனக்குத் தெரிந்து அதிகம். "தாது வருஷத்தில் போனாரு" என்று ஒரு பாட்டி சொன்னால், அந்தப் பெயர் 60 வருஷத்துக்கு ஒரு முறை திரும்பி வரும். 1876, 1936, 1996 மூன்றும் தாதுதான். சேலம் ஜில்லாவை வாட்டியெடுத்த தாது வருஷப் பஞ்சம் 1876இல் தொடங்கியது. 1936 என்று எடுத்துக்கொண்டால் இரண்டு தலைமுறை அப்படியே காணாமல் போகும். பழைய நிலக் கணக்கில் இருக்கும் பசலி ஆண்டோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1350 என்றால் 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை. பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். சேர்க்கும் அன்றைக்கு வாத்தியார் போட்ட தேதி அது, பலருக்கு ஜூன் மாதமாகவே இருக்கும்.

ஊர்க் கோடியில் இருக்கும் வேடியப்பன் கல்லைக் காட்டி "இது எங்க நேர் பாட்டன்" என்பதும் நடக்கிறது. அது பல நூற்றாண்டுக்கு முந்தைய நடுகல்லாக இருக்கலாம். கும்பிடுவது வேறு, வம்ச மரத்தில் ஏற்றுவது வேறு. எழுத்து இருந்தால் அதன்மேல் பெயிண்ட் அடிக்காமல் இருந்தாலே பெரிய உதவி.

இவ்வளவுக்கும் நடுவில் எல்லோரும் மறப்பது பரணில் கிடக்கும் மொய் நோட்டை. எங்கள் பெரியம்மா வீட்டில் 1958ஆம் வருஷக் கல்யாண நோட்டு ஒன்று இருந்தது. ஓரம் கரையான் அரித்து, தாள் பழுப்பேறி, மை மங்கிப்போயிருந்தது. வரிக்கு வரி ஊர், பெயர், தொகை. மாமன் முறைக்காரர்கள் முதல் பக்கத்திலேயே தனியாக. அதில் "மேல்கொட்டாய் பங்காளிகள்" என்று நாலு பெயர் ஒன்றாக எழுதியிருந்தது. அப்படி ஒரு பங்காளிக் கூட்டம் இருந்ததே எங்கள் தலைமுறையில் யாருக்கும் தெரியாது. அந்தக் கொட்டாயில், அதாவது அந்தச் சின்னக் குடியிருப்பில், இப்போது மூன்று வீடுதான். அதில் ஒரு வீட்டுக் கிழவி, தன் மாமனாரின் பெரிய தாத்தா "கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல்ல போனவரு, திரும்பல" என்று சொன்னார். பெயர் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு "சின்ன மாது" என்றார்.

டர்பன் அம்மாவின் பதிவில் இருப்பது மாதன், அப்பா பெயர் முனியன். இன்னும் உறுதி இல்லை. அந்தக் கிழவியின் மகன் எச்சில் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். பழைய மரத்தை அழித்துவிட்டு, இந்த முறை பென்சிலில் எழுதி வைத்திருக்கிறோம்.