தாத்தாவின் ரெட்டைக்குழல் துப்பாக்கி: உப்புத்தாளை ஓரமாக வையுங்கள்

ராயபுரத்துக் கடல் காற்றுக்கு எந்த இரும்பும் தப்பாது. தாத்தாவின் ரெட்டைக்குழல் துப்பாக்கியும் துருவேறித்தான் கிடந்தது. சித்தப்பா நல்ல எண்ணத்தில்தான் உப்புத்தாள் வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். குழலின் அடியில், சோதனைக்கூடத்தில் சுட்டுப் பார்த்து அடித்திருந்த முத்திரைகளில் பாதி அன்றைக்கே போயிற்று. அந்த வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

முதலில் லைசென்ஸ். பழசுதானே என்று 1959 ஆயுதச் சட்டம் விட்டுவிடாது. பழுது பார்த்தால் சுடும் என்றால் அதுவும் ஆயுதம்தான். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால், தாமதிக்காமல் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும். சென்னைக்காரர்களுக்கு அது வேப்பேரி கமிஷனர் அலுவலகம். பழைய லைசென்ஸ் புத்தகத்தை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். துப்பாக்கியின் எண் அதில் இருக்கும்.

அடுத்தது, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பது. குழலின் வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, மேலே உள்ள நெம்புகோலை ஒதுக்கினால் குழல்கள் மடிந்து திறக்கும். இரண்டு அறையும் காலியா? சரி. திறக்கவில்லையா? சுத்தியலை எடுக்காமல், லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். விசையை இழுத்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம்.

இரண்டு குழலுக்கும் நடுவே மேலே ஓடும் பட்டையில் ஒரு பெயர் இருக்கும். அது செய்தவர் பெயர் என்று உடனே நம்பிவிடாதீர்கள். விற்ற கடையாக இருக்கலாம். கல்கத்தாவின் ரோடா, மான்டன் கடைகள் இங்கிலாந்தில் செய்ததை வாங்கித் தங்கள் பெயரில் விற்றன. கடிகாரத்துக்குப் பேர்போன நம்ம மெட்ராஸ் பி.ஓர் அண்ட் சன்ஸும் அப்படித்தான். பெல்ஜியத்திலிருந்து வந்த மலிவுச் சரக்கிலோ ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்றிருக்கும். இங்கிலாந்தின் பேர்போன வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்று ஏமாறட்டும் என்றுதான்.

பெயர் பொய் சொன்னாலும் முத்திரை சொல்லாது. குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றினால் குழல்கள் தனியே வந்துவிடும். திருப்பிப் போட்டால், தோட்டா அறைக்கு அடியில் தட்டையான இரண்டு பரப்புகள். முகப்பவுடரை விரலால் லேசாகத் தேய்த்து, டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். பள்ளங்களில் பவுடர் நின்று எழுத்து வெள்ளையாகத் தெரியும். கிரீடத்தோடு குறுக்கே வைத்த இரண்டு செங்கோல் என்றால் இங்கிலாந்தின் பர்மிங்காம் சோதனைக்கூடம், 1813க்கும் 1904க்கும் இடைப்பட்டது. கிரீடத்தின் கீழ் ‘பி.வி.’, ‘என்.பி.’ என்றிருந்தால் 1904க்குப் பிறகு. முட்டை வடிவத்துக்குள் ‘ஈ.எல்.ஜி.’ என்றால் பெல்ஜியத்தின் லியேஜ்; அதன் தலையில் கிரீடம் இருந்தால் 1893க்குப் பிந்தியது.

வைரக் கட்டத்துக்குள் 12 என்றும் பக்கத்தில் 13 என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம். ஒரு பவுண்டு ஈயத்தில் 12 சம உருண்டைகள் பிடித்தால், அதில் ஒன்றின் விட்டமே ‘12 போர்’ (bore) என்ற குழல் அளவு, சுமார் 18.5 மில்லிமீட்டர். எண் கூடினால் உருண்டை சிறிதாகும். வைரத்துக்குள் இருப்பது தோட்டா அறையின் அளவு, 13 என்பது குழலின் உள்அளவு. குழல் கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான்.

குழலின் மேல் சுருள் சுருளாகக் கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ்: இரும்பையும் எஃகையும் முறுக்கி, சுற்றி, பற்றவைத்த குழல். பெரும்பாலும், புகை கக்கும் பழைய கரிமருந்தை வைத்துச் சுட்ட காலத்துச் சரக்கு. அழுத்தம் அதிகமான இன்றைய தோட்டாவைப் போட்டால் வெடித்துச் சிதறலாம். தேய்த்தால் கோலமும் போய்விடும்.

அசலா, ஒட்டுப்போட்டதா? குழல், முன்கட்டையின் இரும்பு, விசையைச் சுற்றியுள்ள வளையத்தின் வால் மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். சுடும் முனையில் இரண்டு குழலுக்கும் நடுவே அகலமான இடைவெளி இருந்தால், யாரோ அறுத்துக் குட்டையாக்கியிருக்கலாம். திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் பலர் கைபட்டது. எண் கிடைத்து, செய்தது பர்டி, ஹாலண்ட் போன்ற இங்கிலாந்தின் பெரிய கம்பெனி என்றால், அவர்களுக்கு எழுதிக் கேட்கலாம். பழைய பேரேடுகளை இன்றும் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் துப்பாக்கியில் இடது குழலின் செங்கோல் பாதி மிஞ்சியிருக்கிறது. எண் குழலில் அழிந்துபோய்விட்டது. ஆனால் முன்கட்டைக்குள் சித்தப்பாவின் உப்புத்தாள் எட்டவில்லை. பவுடர் தடவியதும் நான்கு இலக்கம் வெள்ளையாக எழுந்து வந்தது. தாத்தாவின் லைசென்ஸ் புத்தகத்தில் நீல மசியில் எழுதியிருந்த அதே நான்கு இலக்கம்.