ஆறாத புண்ணும் கத்திப் பயமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியாத்தத்தில் என் பெரியம்மா நாற்பது வருஷம் பீடி சுற்றினார். மடியில் முறம், அதில் வெட்டிய இலை, ஒரு பக்கம் தூள். கை ஓயாத வேலை. பசி தெரியாமல் இருக்க வாயில் வெற்றிலை, பாக்கு, புகையிலை. அதை எப்போதும் இடது கன்னத்தில்தான் அடக்கிக்கொள்வார். புண் வந்ததும் அதே இடத்தில்தான். வலிக்கவில்லை. மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டார், தேன் தடவினார், மெடிக்கலில் ஜெல் வாங்கிப் போட்டார். ஐந்து மாதம் ஓடிவிட்டது. டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிட்டால், "சதையை வெட்டி டெஸ்டுக்கு எடுப்பாங்க. கத்தி பட்டா புற்று உடம்பெல்லாம் பரவிடும்டா" என்றார்.

வேலூர்ப் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு குறைவு. மேற்கு வங்காளத்திலிருந்து ஜனங்கள் ரயிலேறி, வைத்தியத்துக்கென்றே காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய நாம் கத்திக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம். புற்றுநோய் பரவுவது எப்படி என்று தெரிந்தால் இந்தப் பயம் கொஞ்சம் விலகும் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

காய் நறுக்கும்போது விரலில் வெட்டுப்பட்டால் அந்த இடம் சிவக்கும், வீங்கும், சுடும். இதுதான் அழற்சி. வெள்ளை அணுக்கள் ஓடி வந்து கிருமியைக் கொல்லும், "பெருகு" என்று சுற்றியுள்ள செல்களுக்குச் சேதி அனுப்பும், புது ரத்தக்குழாய்களை வரவழைக்கும். புண்ணின் ஓரத்துச் செல்கள் பிடியைத் தளர்த்தி, நகர்ந்து வந்து காயத்தை மூடும். சில நாளில் வேலை முடியும், சேதியும் நின்றுவிடும். நம்மைக் காப்பாற்றுவதே இந்த அழற்சிதான். வீக்கம் என்றாலே புற்றுநோயோ என்று நடுங்குவது முதல் தவறு. ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் காய்ச்சலிலும் மூட்டுவலியிலும்கூட ஏறும். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு புற்றுநோய் உண்டு என்றோ இல்லை என்றோ யாரும் முடிவு கட்டக் கூடாது.

சிக்கல் எங்கே என்றால், தினமும் அதே கன்னத்தில் புகையிலையும் சுண்ணாம்பும் உரசிக்கொண்டே இருந்தால் பழுதுபார்க்கும் வேலை முடிவதே இல்லை. வெள்ளை அணுக்கள் கிருமிக்காகக் கக்கும் ரசாயனம் நம் செல்லின் டி.என்.ஏ.வையும் அரிக்கிறது. "பெருகு" என்ற சேதி நிற்காததால் பழுதான செல்லும் சேர்ந்தே பெருகுகிறது. புற்றுக்கட்டிக்குள் வெள்ளை அணுக்கள் இருப்பதை 1863இலேயே ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோவ் கவனித்தார். கட்டி என்பது ஆறாத புண் என்று 1986இல் எழுதினார் அமெரிக்க மருத்துவர் ஹரால்ட் ட்வோராக். பெரியம்மாவின் கன்னத்தை டார்ச் அடித்துப் பார்த்த எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நடுவில் வெண்மை, ஓரம் தடித்து, விரல் வைத்தால் கல் மாதிரி.

அப்புறம்தான் பரவுதல். கன்னத்தின் உள்தோலில் செல்கள் செங்கல் அடுக்கியதுபோல ஒட்டியிருக்கும். ஈ-கேட்ஹெரின் என்ற புரதம்தான் இடையில் பூசிய சாந்து. அழற்சியில் ஊறும் டி.ஜி.எஃப்.-பீட்டா, டி.என்.எஃப். போன்ற சேதிகள் தொடர்ந்து வந்தால் செல் அந்தச் சாந்தைச் செய்வதைக் குறைத்துக்கொள்கிறது. வரிசையை விட்டு விலகி, நீண்டு, ஊர்ந்து போகும் உருவத்துக்கு மாறுகிறது. தாயின் வயிற்றில் உறுப்புகள் உருவாகும்போது நம் செல்கள் பழகிய வித்தை இது. புற்றுச் செல் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கட்டிக்குள் வந்த வெள்ளை அணுக்களில் சிலவே, சுற்றியுள்ள நார்வலையைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து வழியும் விட்டுவிடுகின்றன. அந்த வழியாக நிணநீர்க் குழாயில் இறங்கினால், வாயிலிருந்து முதலில் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் கழுத்து. நெறி கட்டுவது அதனால்தான்.

கிளம்பிய செல்களில் மிகப் பெரும்பாலானவை வழியிலேயே செத்துப்போகும். போய் இறங்கும் இடம் ஒத்துக்கொண்டால்தான் முளைக்கும். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் பார்த்து, லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜெட் 1889இல் இதை விதையும் மண்ணும் என்றார். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு அந்த மண் வேண்டும் என்று சொல்கிற நமக்கு இது புரியாததா?

இப்போது கத்திக்கு வருவோம். செல் உருமாறுவதும் நகர்வதும் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் உள்ளே நடக்கிற காரியம். பயாப்ஸிக்காகத் துளி சதை எடுப்பதால் அது தொடங்குவதில்லை. ஊசி போன பாதையில் செல் ஒட்டிக்கொள்வது அரிதாக உண்டு. அதனால்தான் ஈரல் கட்டி, எலும்புக் கட்டி போன்றவற்றில் எந்த வழியாக எடுப்பது, எடுக்கத்தான் வேண்டுமா என்று டாக்டர்கள் முன்கூட்டியே யோசிக்கிறார்கள். பிறகு ஏன் இந்த நம்பிக்கை? தாமதமாகப் போகிறோம். பயாப்ஸி செய்கிறார்கள். ஸ்கேனில் ஏற்கெனவே பரவியது தெரிகிறது. நாம் பார்த்த வரிசை அது, பழி கத்தி மேல் விழுகிறது.

பையனின் முட்டிக்கு மேல் வீக்கம் என்றால் விளையாட்டில் அடிபட்டது என்று எண்ணெய் போட்டு உருவி, நாட்டுக்கட்டு கட்டி வாரக்கணக்கில் விடுகிறோம். இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அது எலும்புக் கட்டியாகவும் இருக்கலாம். இரவில் வலி கூடினாலோ, வீக்கம் வடியாவிட்டாலோ முதலில் எக்ஸ்ரே.

மஞ்சள் அழற்சியைத் தணிக்கும் என்பது சோதனைக்கூடத்தில் தெரிந்த விஷயம்தான். ஆனால் அதிலுள்ள குர்க்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. மஞ்சள் பால் குடியுங்கள், அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். வலிமாத்திரையைத் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதும் வேண்டாம், வயிறும் சிறுநீரகமும் கெடும்.

"புகையிலை இல்லை, வெறும் பாக்குதான்" என்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட மதிப்பீட்டில் பாக்கும் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான். வாய் சரியாகத் திறக்கவில்லை, காரம் எரிகிறது என்றால் பாக்கு கன்னத்தை நாராக்கத் தொடங்கியிருக்கலாம்.

பெரியம்மாவுக்குக் கழுத்தில் ஒரு நெறி கட்டிய பிறகுதான் பயாப்ஸி நடந்தது. ஆபரேஷனும் கரண்டும் (கதிர்வீச்சு சிகிச்சை) முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. புகையிலையை விட்டுவிட்டார். "வந்த பிறகு விட்டு என்ன பயன்" என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். பயன் உண்டு. சிகிச்சை நன்றாகக் கேட்கும், வாயில் இன்னொரு புற்று வரும் வாய்ப்பும் குறையும். இப்போது தெருவில் பீடி சுற்றும் பெண்களிடம், புண் எத்தனை நாளாக இருக்கிறது என்று அவரே விசாரிக்கிறார். இரண்டு வாரம் தாண்டிவிட்டது என்றால், முறத்தை இறக்கி வைக்கச் சொல்லி பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போகிறார்.