ஃபிளான்ஜ் இணைப்பில் உலோக கேஸ்கெட்டைத் தேர்ந்து மாற்றும் முறை

குழாய் முனைகளில் உள்ள விளிம்புத் தட்டுகளான ஃபிளான்ஜ்களை போல்ட்டால் இணைக்கும்போது, கசியாமலிருக்க இடையில் வைக்கும் அடைப்பு வளையமே கேஸ்கெட். குழாயின் அளவை மட்டும் பார்த்து கேஸ்கெட்டை எடுக்கக் கூடாது; உள்ளே ஓடும் பொருள், அழுத்தம், வெப்பநிலை, ஃபிளான்ஜின் வகை ஆகியவை சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. உலோகப் பட்டையையும் மென்மையான நிரப்பையும் சேர்த்துச் சுற்றிச் செய்த சுருள் கேஸ்கெட்டில், பட்டைகளுக்கிடையே டெஃப்லான் இருந்தால் அது ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸ் வரையே தாங்கும் என்பதால், உயர்வெப்ப நீராவிக்கு கிராஃபைட் நிரப்பியதே ஏற்றது. வெளிவளையத்தின் விளிம்பில் பச்சை நிறம் இருந்தால் சுருள் 316எல் என்ற வகைத் துருப்பிடிக்காத எஃகு, சாம்பல் கோடுகள் இருந்தால் நிரப்பு கிராஃபைட். பொருத்தும் முன் இதை ஒருமுறை பார்த்துவிடுவது மிக நல்லது. ஃபிளான்ஜின் பள்ளத்தில் அமரும் திட உலோக வளைய கேஸ்கெட்டோ ஃபிளான்ஜைவிட மென்மையான உலோகமாக இருக்க வேண்டும். வளையம் நசுங்கினால் புதிது போடலாம், பள்ளம் கெட்டால் ஃபிளான்ஜையே மீண்டும் கடைய வேண்டியிருக்கும்.

மாற்றும்போது, வால்வுகளை மூடி குழாயைத் தனிமைப்படுத்தி, வடித்து, ஆறவிட்டு, அழுத்தம் பூஜ்யம் என்று உறுதிசெய்த பிறகே போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். அப்போதும் நமக்கு எதிர்ப்பக்கத்து போல்ட்டுகளை முதலில் தளர்த்துவதே பாதுகாப்பு. கேஸ்கெட் அமரும் ஃபிளான்ஜ் முகப்பைப் பித்தளைச் சுரண்டியால் சுத்தம் செய்து, உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு நோக்கி ஓடும் கீறல் உண்டா என்று விளக்கொளியில் பார்க்க வேண்டும், ஏனெனில் கசிவு பெரும்பாலும் அந்த வழியே வரும். மசகு போல்ட் மரைக்கும் நட்டின் அடிமுகத்துக்கும் மட்டுமே, கேஸ்கெட்டுக்கு அன்று. முறுக்குவிசையை அளந்து இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால், எதிரெதிர் போல்ட்டுகளாக, குறிப்பிட்ட முறுக்குவிசையில் 30, 60, 100 சதவீதம் எனப் படிப்படியாக இறுக்கி, கடைசியில் வட்டமாக ஒரு சுற்று வர வேண்டும். கழற்றிய கேஸ்கெட் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மீண்டும் போடக் கூடாது.