பிஸ்டல் சிக்கிக்கொள்கிறதா? முதலில் மணிக்கட்டைப் பாருங்கள்

சின்ன வயதில் உண்டிவில் அடித்தவர்களுக்கு இந்த விஷயம் பாதி தெரியும். ரப்பரை இழுக்கும்போது கவைக்கட்டையைப் பிடித்த கையும் கூடவே வந்துவிட்டால் ரப்பர் எங்கே இழுபடும்? தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலிலும் இதே கதைதான்.

சுட்டதும் துப்பாக்கியின் மேலே நகரும் பாகமான ஸ்லைடு பின்னால் பாய்கிறது. போகும் வழியில் சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை வெளியே எறிகிறது, ஸ்பிரிங்கை அழுத்துகிறது. திரும்பும்போது, தோட்டாக்கள் அடுக்கிய மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளி ஏற்றுகிறது. இத்தனையும் நடக்க, கைப்பிடியோடு கீழே உள்ள ஃபிரேம் நிலையாக நிற்க வேண்டும். மணிக்கட்டு துவண்டால் ஃபிரேமும் சேர்ந்து பின்னால் போகும், ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது. காலிக் கூடு வெளியேறாமல் புகைபோக்கி மாதிரி செங்குத்தாகச் சிக்கி நிற்கும். அல்லது அடுத்த தோட்டா பாதியில் முட்டிக்கொள்ளும்.

எஃகில் செய்த 1911 என்ற மாடல் பிஸ்டல் சுமார் 1.1 கிலோ, அந்தக் கனமே ஃபிரேமை ஓரளவு நிறுத்திவிடும். பாலிமர் (பிளாஸ்டிக்) ஃபிரேம் கொண்ட கிளாக் 17, காலி மேகசினோடு சுமார் 700 கிராம்தான். மட்டமான சரக்கு என்று நினைக்காதீர்கள், 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்டது அது. எடை குறைந்ததால் மீதி வேலை உங்கள் கைக்கு வருகிறது, அவ்வளவுதான். ரிவால்வருக்கும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கும் ஸ்லைடே கிடையாது, இந்தத் தொல்லையும் இல்லை.

சரி, ரேஞ்சில் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது இதைச் செய்து பாருங்கள்.

முதல் படி: கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள வளைவைப் பிடியின் பின்புறத்தில் எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே வையுங்கள். ஆனால் ஸ்லைடு ஓடும் வழிக்குக் கீழேயே இருக்கட்டும். கை தாழ்ந்திருந்தால் குழல் துள்ளித் தூக்கும்.

இரண்டாம் படி: குழலும் முன்கையும் ஒரே நேர்கோட்டில். மணிக்கட்டைப் பூட்டுங்கள். புதியவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்: விரல்களை நெரிக்கிறார்கள், மணிக்கட்டைத் தளர விடுகிறார்கள். ஸ்லைடைத் தாங்கிக்கொள்வது மணிக்கட்டு, விரல் அல்ல.

மூன்றாம் படி: கை நடுங்கும் வரை இறுக்கி, நடுக்கம் நிற்கும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். அதுதான் உங்கள் அளவு. அதற்கு மேல் இறுக்கினால் துப்பாக்கி சிக்காது, குறிதான் கீழே போகும். இன்னொரு கையின் விரல்கள் முதல் கையின் மேல் சுற்றிக்கொள்ளட்டும்.

நான்காம் படி, எனக்குப் பிடித்த சோதனை: மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டு, அதை ஏற்றிச் சுடுங்கள். மேகசின் காலியானதால் ஸ்லைடு பின்னாலேயே பூட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லையா? கட்டைவிரல் ஸ்லைடு நிறுத்தியின் (ஸ்லைடைப் பின்னால் பூட்டும் சின்ன நெம்புகோல்) மேல் கிடக்கிறதா என்று பாருங்கள். என் விரல் பல நாள் அங்கேதான் படுத்திருந்தது, நான் ஸ்பிரிங்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். விரல் சரியென்றால் அதே துப்பாக்கி, அதே மேகசின், அதே தோட்டா வகையைப் பழகிய ஒருவர் கையில் கொடுங்கள். அவரிடம் ஒழுங்காக ஓடினால் சிக்கல் உங்கள் பிடியில். அவரிடமும் சிக்கினால் மேகசினையும் தோட்டாவையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

சிக்கும்போது விரல் டிரிகரை விட்டு வெளியே, குழல் இலக்கை நோக்கியே. வெடிச் சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டிருந்தால் அடுத்ததைச் சுடவே வேண்டாம், குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம். ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள்.

சின்ன பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் மாதிரித் துப்பாக்கிகளில் ஸ்பிரிங், மோட்டார் வகைகளுக்குப் பிடி பெரிய பொருட்டல்ல. கேஸில் ஸ்லைடு ஓடும் வகையில் மட்டும் கவனம் தேவை. அங்கேயும் முதல் எதிரி குளிர்தான், மணிக்கட்டு அப்புறம். கிரீன் கேஸ் என்பது பெரும்பாலும் புரொப்பேன். 20 டிகிரியில் சுமார் 8 பார் இருக்கும் அதன் அழுத்தம் 0 டிகிரியில் 5 பாருக்கும் கீழே இறங்கிவிடும். வேகமாகச் சுட்டாலே மேகசின் சில்லிட்டுப்போகும். அந்த நேரத்தில் ஸ்லைடு ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும், தளர்ந்த கை மிச்சத்தையும் கெடுக்கும். மேகசினைச் சட்டைப் பையில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, உடல் சூடு ஏறியதும் ஒற்றைக் குண்டுச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அடுப்புப் பக்கமோ வெந்நீர்ப் பக்கமோ கொண்டுபோக வேண்டாம்.