சென்ட்ரல் பார்க்கில் இலையுதிர் காலம்: எப்போது போவது, எங்கே தொடங்குவது

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இலை நிறம் பார்க்கப் போகிறவர்கள் பலர் அக்டோபர் நடுவில் போய், 59ஆம் தெரு வாசலில் நுழைந்து, கால் வலித்ததும் அங்கிருந்தே திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தேதியில் பார்க்கின் பெரும்பகுதி பச்சையாகவே இருக்கும். தெற்கு முனையிலோ எப்போதும் கூட்டம். நவம்பர் முதல் இரண்டு வாரங்களில் போங்கள், வடக்கிலிருந்து இறங்குங்கள்.

அக்டோபர் தொடக்கத்தில் கண்ணில் படும் செக்கச்சிவந்த படங்கள் நகருக்கு வடக்கே உள்ள அடிரோண்டாக், கேட்ஸ்கில் மலைகளில் எடுத்தவை. கடலோரமும் கட்டடச் சூடும் சேர்ந்து நகருக்குள் குளிரைத் தள்ளிப்போடுவதால், இங்கே இலை பழுக்கச் சில வாரங்கள் கூடுதலாகும். பச்சையம் சிதைந்தால் அடியில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரியும். சிவப்பை இலை அப்போதுதான் புதிதாகத் தயாரிக்கிறது. அதற்கு வெயிலடிக்கும் பகலும், உறைபனி விழாத குளிர்ந்த இரவும் தொடர்ந்து வேண்டும். மப்பும் மழையுமாகப் போன ஆண்டில் மஞ்சளுக்குக் குறைவிருக்காது, சிவப்பு மட்டும் மங்கிவிடும்.

எல்லா மரமும் ஒரே நாளில் நிறம் மாறுவதில்லை. டுபெலோவும் செம்மேப்பிளும் அக்டோபரிலேயே சிவக்கும். ஹிக்கரி, சுகர் மேப்பிள் அக்டோபர் கடைசியில். எல்ம், ஓக், கிங்கோ எல்லாம் நவம்பரில்தான். பலத்த காற்றும் மழையும் ஒரு நாள் அடித்தால் மேப்பிள் மொட்டையாகிவிடும். ஓக் இலையை எளிதில் விடாது. ஆகவே புயலுக்கு மறுவாரம் போகிறவர்கள் மேப்பிளைத் தேடி ஏமாறாமல் ஓக்கைத் தேடலாம். கிங்கோ நல்ல மஞ்சளாகி, ஒரே வீச்சில் மொத்த இலையையும் கொட்டிவிடும். பெண் மரத்தின் பழம் கீழே நசுங்கினால் வரும் நாற்றம் செருப்போடு வீடுவரை வரும். பார்த்து மிதியுங்கள்.

நியூஜெர்சியிலிருந்து ரயிலில் பென் ஸ்டேஷன் வந்து இறங்குகிறவர்கள் அங்கேயே ‘சி’ என்ற சப்வே ரயிலைப் பிடித்து 103ஆம் தெருவில் இறங்கலாம். ஏ ரயிலில் ஏறிவிடாதீர்கள். பகலில் அது எக்ஸ்பிரஸ். 59ஐ விட்டால் அடுத்து 125ஆம் தெருவில்தான் நிற்கும். பி ரயிலும் 103இல் நிற்கும், ஆனால் சனி ஞாயிறுகளில் ஓடாது.

நிலையத்திலிருந்து மேலேறியதும் எதிரே பார்க். உள்ளே இறங்கினால் ‘தி பூல்’ என்ற குளம். கரையில் தொங்கும் வில்லோ மரங்களும், தண்ணீரில் நிழல் விழும் மேப்பிள்களும் உண்டு. பார்க் முழுவதிலும் ஓரிடம் மட்டும் பார்க்க நேரமிருந்தால் இதைத்தான் சொல்வோம். கரையோடு கிழக்கே போய், அருவியை ஒட்டிய கிளென் ஸ்பேன் ஆர்ச் என்ற கல்வளைவைக் கடந்தால் ரேவின் என்ற ஓடைப் பள்ளத்தாக்கு. நகரத்துச் சத்தம் இங்கே பெரும்பாலும் அடங்கிவிடும். அருவி, ஓடை, காடு எல்லாமே மனிதர் அமைத்தவை: ஓல்ம்ஸ்டெட், வாக்ஸ் இருவரும் 1858இல் தந்த திட்டத்திலிருந்து உருவான பார்க் இது. ஓடையின் முடிவில் ஹடில்ஸ்டோன் ஆர்ச். பெரும்பாறைகளைச் சாந்தே இல்லாமல் அடுக்கிக் கட்டியது.

ரேவினுக்குள் ஈர இலைதான் ஆபத்து. மழை பெய்த மறுநாள் கற்படிகளில் படிந்த இலை எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். பிடிப்புள்ள ஷூ வேண்டும். உள்ளே கழிப்பறையும் கிடையாது. பெற்றோரை அழைத்துப் போகிறீர்கள், அவர்களுக்கு முட்டிவலி என்றால் ரேவினை விட்டுவிடுங்கள். சப்வே படிகளையும் தவிர்க்கலாம். மேடிசன் அவென்யூவில் வடக்கே போகும் எம்1, எம்2, எம்3, எம்4 பேருந்துகளில் ஏறி 105ஆம் தெருவருகே இறங்கி, மேற்கே ஒரு பிளாக் நடந்தால் கன்சர்வேட்டரி கார்டன் வாசல். இதன் வடக்குப் பகுதியில் வட்ட வட்டமாக நட்ட கொரியச் செவ்வந்தி, அக்டோபர் கடைசியில் நன்றாகப் பூத்திருக்கும். பெஞ்சும் கழிப்பறையும் உண்டு. அருகிலேயே ஹார்லெம் மீர் ஏரி. அதைச் சுற்றியுள்ள பாதை சமதளம்.

நடக்க முடிந்தவர்கள் இங்கிருந்து தெற்கே இறங்கலாம். பார்க்கின் நீளம் 4 கிலோமீட்டர்தான். சுற்றி வளைத்துப் போனால் ஆறேழு ஆகும். நின்று பார்த்து, சாப்பிட்டுப் போக ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். வழியில் ரிசர்வாயர் என்ற பெரிய நீர்த்தேக்கத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம். ரேம்பிள் காட்டில் பாதை பின்னிக் கிடக்கும், போனில் வரைபடம் பார்த்தும் வழி தவறும். அப்போது விளக்குக் கம்பத்தைப் பாருங்கள். அதிலுள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டும் அருகிலுள்ள தெருவின் எண். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் மேற்குப் பக்கம், இரட்டைப்படை என்றால் கிழக்கு. 7503 என்றிருந்தால் நீங்கள் 75ஆம் தெரு மட்டத்தில், மேற்கே நிற்கிறீர்கள்.

கடைசியாக ‘தி மால்’ நடைபாதை. இருபுறமும் அமெரிக்க எல்ம் மரங்கள் மேலே கைகோத்து மஞ்சள் பந்தல் போட்டிருக்கும். பூஞ்சை நோய் வந்து நாடெங்கும் எல்ம் அழிந்தபோது தப்பி நின்றவற்றில் இது பெரிய கூட்டம்.

படம் எடுப்பதுதான் நோக்கம் என்றால் இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். போ பிரிட்ஜ் என்ற பாலத்தருகே ஏரியும், பார்க்குக்கு மேற்கே தெரியும் இரட்டைக் கோபுரக் கட்டடமும் காலை வெயிலில்தான் நன்றாக விழும். பிற்பகலில் சூரியன் அந்தப் பக்கம் போய்விடும். 59ஆம் தெருப் பக்கத்து வானளாவிகளின் நிழலும் அதற்குள் தெற்குப் புல்வெளிகளில் நீண்டுவிடும்.

நவம்பர் முதல் ஞாயிறு இரண்டு காரணங்களுக்காகத் தோதுப்படாது. அன்றுதான் நியூயார்க் மராத்தான் பார்க்குக்குள் வந்து முடியும், உட்சாலைகளைக் கடப்பதே பாடு. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவதும் அன்றுதான். அதன்பின் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மதியம் ஒரு மணிக்குக் கிளம்பி வந்து முழுப் பார்க்கையும் பார்க்க நினைக்காதீர்கள்.

நவம்பரில் பகல் வெப்பம் 12 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும், நிழலில் உட்கார்ந்தால் உடனே குளிரும். ஒரே கனத்த கோட்டைவிட இரண்டு மெல்லிய அடுக்கும் மேலே காற்றுத் தடுக்கும் ஜாக்கெட்டும் மேல். பிளாஸ்கில் சூடாகக் காபி, கையில் புளியோதரை. தயிர்சாதத்தைக் கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு பெரிய புல்வெளிகளைப் பூட்டிவிடுவார்கள், அதனால் பெஞ்சில் சாப்பிடுவதாகவே திட்டமிடுங்கள். மிதிரிக்‌ஷாவில் கட்டணம் நிமிடக் கணக்கு. நிமிடத்துக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை நிமிடம் என்று ஏறும் முன்பே பேசி முடியுங்கள். ரேவினுக்குள் அது எப்படியும் வராது.