லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் நடுவுல பேக்கப் எடுக்கறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

விண்டோஸ் சர்வர்ல ஒரு ஷேர் (நெட்வொர்க்ல பகிர்ற ஃபோல்டர்) திறந்து, அதை லினக்ஸ்ல மவுன்ட் பண்ணி (ஒரு ஃபோல்டர் மாதிரி இணைச்சு), ஃபைலெல்லாம் அப்படியே காப்பி போட்டுட்டு பேக்கப் முடிஞ்சதுன்னு விட்டுடறாங்க. இதுதான் இருக்கறதுலயே பெரிய தப்பு. ஃபைல் உள்ள இருக்கறது பத்திரமா போயிடும், ஆனா அது எந்த யூசரோடது, பெர்மிஷன் என்ன, எது சிம்லிங்க் (இன்னொரு ஃபைலைக் காட்டற ஷார்ட்கட்), இதெல்லாம் சாதாரண ஷேர்ல நிக்காது. அந்த மவுன்ட்ல எல்லா ஃபைலும் ஒரே யூசர் பேர்ல, ஒரே பெர்மிஷன்லதான் தெரியும். அதைத் திருப்பி லினக்ஸ்ல போட்டா வெப் சைட்டுக்கு அப்லோட் ஃபோல்டர்ல எழுத முடியாது, எஸ்எஸ்ஹெச் (தூரத்து சர்வருக்குள்ள லாகின் பண்ற டூல்) பிரைவேட் கீ எல்லாரும் படிக்கற பெர்மிஷனோட வந்து நிக்கும், பெர்மிஷன் ரொம்ப ஓப்பனா இருக்குன்னு எஸ்எஸ்ஹெச் அந்தக் கீயைத் தொடவே தொடாது.

இதுக்கு வழி சிம்பிள். லினக்ஸ் பக்கத்துலயே டார்ங்கற கமாண்ட் போட்டு ஒரே ஃபைலா கட்டிட்டு அப்புறம் அனுப்புங்க. ஓனர், பெர்மிஷன், சிம்லிங்க் எல்லாம் அந்த டாருக்குள்ளயே இருக்கும், விண்டோஸுக்கு அது வெறும் ஒரு பெரிய ஃபைல், அவ்ளோதான். ஏசிஎல் (யூசர் வாரியா தனித்தனியா குடுக்கற பெர்மிஷன்) வச்சிருந்தா மட்டும் அதுக்கான ஆப்ஷனைத் தனியா சொல்லணும், இல்லன்னா சேராது.

பேர் விஷயத்துலயும் டார்தான் காப்பாத்தும். லினக்ஸ் கெர்னல் சோர்ஸையே எடுத்துக்கோங்க, அதுல நெட்ஃபில்டர்ங்கற ஃபயர்வால் பகுதியோட ஹெடர் ஃபோல்டர்ல ஒரே பேர் கேபிடல்ல ஒண்ணு, ஸ்மால் லெட்டர்ல ஒண்ணுன்னு ரெண்டு வேற வேற ஃபைல் இருக்கு. விண்டோஸ்ல சாதாரணமா காப்பி பண்ணா ஒண்ணு மேல இன்னொண்ணு ஏறிடும். டைம் போட்ட லாக் ஃபைல் பேர்ல கோலன் (:) வந்தாலும் சிக்கல்தான்.

எதிர்ப்பக்கம், அதாவது விண்டோஸ்ல இருந்து லினக்ஸுக்கு எடுக்கும்போது, நம்மளை மாதிரி தமிழ்ல ஃபைலுக்குப் பேர் வைக்கறவங்களுக்கு ஒரு தலைவலி இருக்கு, இதை யாரும் அவ்வளவா சொல்றதில்ல. விண்டோஸோட ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ல பேருக்கு லிமிட் 255 கேரக்டர், லினக்ஸோட ஃபைல் சிஸ்டமான ஈஎக்ஸ்டி4ல 255 பைட். 'தீர்மானம்'னு எழுதினா கண்ணுக்கு 5 எழுத்து, யூனிகோட்ல 9 கேரக்டர், லினக்ஸ்ல பேரைச் சேமிக்கற யூடிஎஃப் 8 முறைல ஒவ்வொண்ணுக்கும் 3 பைட், மொத்தம் 27 பைட். அதாவது 85 கேரக்டர் தாண்டினாலே லினக்ஸ்ல பேர் ரொம்ப நீளம்னு எரர் வரும், ஆபீஸ்ல நீளநீளமா பேர் வச்ச ஆர்டர் காப்பி, மினிட்ஸ் எல்லாம் இப்படித்தான் விட்டுப்போகும், எரர் லாக்கைப் பாக்கலன்னா தெரியவே தெரியாது.

அடுத்தது மவுன்ட் ஆகியிருக்கான்னு பாக்காம ஸ்கிரிப்ட் ஓடறது. ஷேர் கழண்டு போயிருந்தா அந்த இடத்துல வெறும் காலி ஃபோல்டர்தான் இருக்கும், பேக்கப் முழுக்க சர்வரோட சொந்த டிஸ்க்லயே போய் விழுந்து டிஸ்க் ஃபுல்லாயிடும். இதைவிட பயங்கரம், கழண்டது சோர்ஸா (எதைக் காப்பி பண்றோமோ அந்தப் பக்கமா) இருந்து, ஆர்சிங்க்ங்கற காப்பி டூல்ல டெலீட் ஆப்ஷனும் போட்டிருந்தா, சோர்ஸ் காலின்னு நினைச்சு பழைய பேக்கப் மொத்தத்தையும் அழிச்சிடும். ஸ்கிரிப்ட் மொத வரியிலயே மவுன்ட்பாயின்ட் கமாண்ட் வச்சு செக் பண்ணுங்க ப்ளீஸ்.

விண்டோஸ்ல இருந்து மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை டம்ப் (மொத்தத்தையும் ஒரு ஃபைலா) எடுக்கறவங்க கவனிக்கணும். விண்டோஸோட கமாண்ட் விண்டோவான பவர்ஷெல் 5.1ல அம்புக்குறி (>) போட்டு ஃபைலுக்குத் திருப்பினா அது யூடிஎஃப் 16ஆ எழுதிடும். சைஸ் கிட்டத்தட்ட டபுள் ஆகும், லினக்ஸ்ல இம்போர்ட் பண்ணா மொத வரியிலயே எரர் அடிக்கும். டம்ப் கமாண்ட்லயே ரிசல்ட் ஃபைல்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதைப் போடுங்க.

விண்டோஸோட காப்பி டூல் ரோபோகாப்பி யூஸ் பண்றீங்கன்னா, முடியும்போது அது குடுக்கற எக்ஸிட் கோட் 1 வந்தா ஃபெயில் இல்ல, ஃபைல் காப்பி ஆச்சுன்னு அர்த்தம், 8ம் அதுக்கு மேலயும்தான் ஃபெயில். இது தெரியாம தினமும் பொய் அலர்ட் வந்து, கடைசில அலர்ட்டையே ஆஃப் பண்ணி வச்சிடறாங்க. ஓடிட்டு இருக்கற டேட்டாபேஸோட ஃபைலை ரோபோகாப்பியால எடுக்க முடியாது, லாக் ஆகியிருக்கும். அதுக்கு டேட்டாபேஸோட சொந்த பேக்கப் கமாண்டே போதும்.

ரீஸ்டோர் டெஸ்ட் பண்ணும்போது டாரை விண்டோஸ்லயே பிரிச்சுப் பாத்து ஓகேன்னு சொல்லிடாதீங்க. காலியா ஒரு லினக்ஸ் விஎம் (விர்ச்சுவல் மெஷின்) எழுப்பி, ரூட்டா (அட்மின் யூசரா) உள்ள போய் பிரிச்சு, சர்வீஸ ஸ்டார்ட் பண்ணி, சைட்ல ஒரு ஃபைல் அப்லோட் ஆகுதான்னு பாருங்க.