எச்சிங்கில் முகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எச்சிங் என்றால் மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் வரைந்து, அந்தக் கோடுகளைத் திரவத்தில் அரித்து, அவற்றில் மை நிரப்பித் தாளில் அச்செடுப்பது. பென்சிலில் நன்றாக முகம் வரைபவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். கண்மணி கறுப்பாக வர வேண்டுமே என்று ஊசியை அழுத்திக் கீறுவார்கள். தேவையே இல்லை. செப்புத் தகட்டின் மேலுள்ள மெழுகுப்பூச்சு விலகினால் போதும். கோடு எவ்வளவு கறுக்கும் என்பது பெரும்பாலும் தகடு அரிக்கும் திரவத்தில் கிடக்கும் நேரத்தைப் பொறுத்தது.

அதனால் முகத்தைப் படிப்படியாக அரிக்க வேண்டும். கன்னத்து மெல்லிய கோடுகள் லேசாக அரிபட்டதும் தகட்டை எடுத்துக் கழுவி, உலர்த்தி, அந்த இடத்தை வார்னிஷால் மூடிவிட்டு மறுபடி இறக்குங்கள். அப்புறம் மூக்கின் நிழல், உதட்டோரம். கண்மணியும் முடியும் கடைசிவரை உள்ளே இருக்கட்டும். ஒரே தடவையில் அரித்தால் தாத்தாவின் கன்னச் சுருக்கமும் மீசையும் ஒரே கறுப்பில் நிற்கும்.

ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்லும் நிமிடக் கணக்கைப் பினாங்கில் நம்பாதீர்கள். ஜார்ஜ் டவுன் கடைவீட்டு மாடியில் மதியம் 30 டிகிரியைத் தாண்டிவிடும். சூட்டில் ஃபெரிக் குளோரைடு, அதாவது அந்த அரிக்கும் திரவம், வேகமாக அரிக்கும். முதலில் ஒரு துண்டுத் தகட்டில் சோதித்துவிடுங்கள். தகட்டைக் குப்புறவோ செங்குத்தாகவோ வையுங்கள். மல்லாந்து கிடந்தால் வண்டல் கோட்டுக்குள் படிந்து அரிப்பைத் தடுக்கும். அலுமினியத்தை இதில் போடவே கூடாது, சூடேறிப் பொங்கும். பழைய திரவத்தில் செம்பு கரைந்திருக்கும், கால்வாயில் ஊற்றாதீர்கள்.

அச்சில் இடம் வலமாகும் என்பது எல்லாருக்கும் தெரியும், வரையும்போதுதான் மறந்துபோகும். பாட்டியின் படத்தைப் பார்த்து அப்படியே வரைந்தால் இடத்தோள் முந்தானை வலத்தோளுக்குப் போய்விடும், மூக்குத்தியும் பக்கம் மாறும். கைப்பேசியில் படத்தை இடவலமாகத் திருப்பிவைத்து வரையுங்கள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து வரைபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. கண்ணாடி மாற்றியதை அச்சு திரும்ப மாற்றிவிடும்.

முதல் அச்சு சரியில்லை என்று தகட்டை ஒதுக்கிவிடுவதும் அவசரம்தான். சன்னலோரம் அமர்ந்து வரையும் தன் உருவத்தை டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1648-இல் எச்சிங் செய்தபோது, அச்செடுத்துப் பார்த்து அதே தகட்டைத் திருத்திக்கொண்டே போனார்.

தகட்டில் பூசிய மையைத் துடைக்கையில் துணியைத் தொளதொளவென்று பிடித்தால் அது கோட்டுக்குள் இறங்கி மையை இழுத்துவிடும். மட்டமாக மடித்துப் பிடியுங்கள். முகம் முழுக்கப் பளிச்சென்று துடைப்பதும் எனக்குப் பிடிக்காது. நிழல் பக்கம் மெல்லிய மைப்படலம் இருக்கட்டும், நெற்றியை மட்டும் விரலால் துடைத்தால் போதும்.

அச்செடுக்கும் தாளை அன்றன்றே நனையுங்கள். இங்குள்ள ஈரக்காற்றில் நனைத்த தாளை நாள்கணக்கில் மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும்.